மாத்திரை தொடாத தையல்நாயகி

என் மாமியார் தையல்நாயகிக்கும் எனக்கும் பத்தொன்பது வருஷமாக ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு 'மாமியாரைப் பற்றி இப்படிப் பேசுகிறாளே' என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். அவளை நல்லவள் என்று சொல்ல எங்கள் குப்பத்தில் ஆட்கள் உண்டு. அவர்கள் யாரும் அவளோடு ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் இல்லை.

வேதாரண்யத்துக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் குப்பம். அவளுக்கு இருபத்து நாலு வயதில் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. கையில் நாலு வயதுப் பிள்ளை. அழுது முடித்த பதினேழாம் நாள் அன்னக்கூடையைத் தலையில் வைத்தவள், முப்பத்து நாலு வருஷமாக இறக்கவில்லை. விடிகிறபோது கரையில் மீன் ஏலம் எடுப்பாள். முதல் பஸ்ஸில் திருவாரூர் போவாள். அங்கே தெருத்தெருவாக நடந்து விற்பாள். பெருமையாகச் சொல்லவில்லை. இதை அவளே ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்வாள், எனக்கு மனப்பாடம்.

அவள் வாய் ஊரறிந்த வாய். ஒரு தடவை கண்டக்டர் மீன் நாறுகிறது என்று கூடையைக் காலால் தள்ளிவிட்டான். "மீன் நாறுதுங்கிறியே, உன் பையில இருக்கிற நோட்டை மோந்து பாரு. அதுல பாதி நாங்க குடுத்தது" என்றாள். பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் நின்ற நானும் சிரித்தேன். "நீ எதுக்குடி பல்லக் காட்டுற, கூடையப் புடி" என்று அடுத்த அடி எனக்கு விழுந்தது.

அவளுடைய பெரிய பெருமை ஒன்று உண்டு. மாத்திரை என்ற ஒன்றைத் தன் ஆயுளில் தொட்டதில்லையாம். எனக்கு வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்தார்கள். வலி தாங்காமல் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை விழுங்கியதற்கு எனக்கு அவள் வைத்த பேர் 'மாத்திரை தின்னி'. "நான் காயாரோகணத்தைப் பெத்த மூணாம் நாள் கருவாடு காயப்போட்டேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். காயாரோகணம் என் வீட்டுக்காரர். விசைப்படகில் வேலை. கடல் தித்திக்கிறது என்று அம்மா சொன்னாலும் ஆமாம் போடுகிறவர்.

நாலு வருஷத்துக்கு முன்னால் இரண்டாவது கூடையை என் தலையில் ஏற்றினாள். முதல் நாளே கழுத்து ஒடிந்துவிட்டது. திருவாரூரில் இறங்கியதும் கூடைக்காரப் பெண்கள் எல்லாரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பக்கத்து மெடிக்கலில் இருந்து ஒருத்தி ஒரு கொத்துக் காகிதப் பொட்டலம் வாங்கி வந்தாள். டீயோடு ஆளுக்கு ஒன்று. என் மாமியார் ஒரு பொட்டலத்தைப் பிரித்து வாயில் கொட்டிக்கொண்டு, இன்னொன்றை என்னிடம் நீட்டினாள்.

"மாத்திரையா அத்தே?" என்று கேட்டேன்.

"மாத்திரை இல்லடி, செட்டு. முழுங்கு."

உள்ளே இரண்டு மூன்று மாத்திரைகள், அட்டை இல்லாமல், பேர் இல்லாமல் கிடந்தன. அதற்குச் சீட்டு கிடையாது, பில் கிடையாது, காசும் கிடையாது. வாரத்துக்கு ஒரு முறை, முறை வைத்து, ஒருத்தி கடைக்காரருக்கு நல்ல மீனாக நாலு கொடுப்பாள். சீட்டு எழுதிக் காசு கொடுத்து வாங்குவதுதான் அவர்களுக்கு மருந்து. மீனுக்கு மாற்றி வாங்குவது வெற்றிலை பாக்கு மாதிரி. வெள்ளிக்கிழமை மீன் விற்க மாட்டார்கள், அன்றைக்குச் செட்டும் இல்லை. எங்கள் பெஞ்சில் மட்டும் இருபது பேர் தின்றார்கள். என் மாமியார் எனக்கும் இரண்டு வருஷம் முன்னாலிருந்தே தின்றுகொண்டிருந்தாள், ஊருக்குள் மாத்திரை தொடாதவளாக.

உண்மையைச் சொன்னால் அந்தச் செட்டு எனக்குப் பிடித்துப்போனது. அரை மணியில் வலி பறந்துவிடும். நன்றாகப் பசிக்கும். அதற்குப் பிறகு என் முகம் உப்பியது. 'பூசினாற்போல இருக்கிறாய்' என்றார்கள், சந்தோஷப்பட்டேன். மாமியாருக்கு முகம் பௌர்ணமி போல உருண்டது. பின்கழுத்தில் ஒரு திமில் எழும்பியது. சும்மாடு வைத்து வைத்து வந்த திமில் என்றார்கள், எங்களில் நாலைந்து பேருக்கு அது உண்டு. கையெல்லாம் கன்றிக் கன்றி நீலம் பூத்தது, கூடை விளிம்பு பட்டது என்று நினைத்தோம். சர்க்கரையும் வந்தது. அதற்கு வேப்பங்கொழுந்து தின்றாள், மாத்திரையைத்தான் தொடமாட்டாளே.

இந்தச் சித்திரையில், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்று என் வீட்டுக்காரர் வீட்டில் இருந்த சமயம், பஸ் போட்ட பிரேக்கில் மாமியார் கூடையோடு விழுந்தாள். கம்பியில் தலை இடித்தது. திருவாரூரில் ஸ்கேன் எடுத்தார்கள். மண்டைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மூளைக்கு அடியில் ஏதோ தெரிகிறது, தஞ்சாவூரில் பெரிய ஸ்கேன் எடுங்கள் என்று எழுதிவிட்டார்கள். எடுத்தோம். பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பியாம், அதில் ஏழு மில்லிமீட்டருக்கு ஒரு கட்டி. அது எத்தனை வருஷமாக இருந்ததோ, யாருக்குத் தெரியும். அடிபட்ட தலையைப் பார்க்கப்போன இடத்தில் அகப்பட்டது.

தஞ்சாவூரில் ஹார்மோன் டாக்டர் ஸ்ரீரஞ்சனியிடம் அனுப்பினார்கள். நாற்பது வயது இருக்கும். கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுகிற டாக்டர். "பயப்படாதீங்க, இந்த மாதிரி சின்னக் கட்டி நிறைய பேருக்கு இருக்கு, தெரியாமலே வாழ்ந்துட்டுப் போயிடுவாங்க" என்றார். "ஆனா அது சும்மா கிடக்கா, இல்ல ஹார்மோனைக் கூடக் குறையச் சுரக்க வைக்குதான்னு ஒரு தடவை பாத்துடணும். ரத்தத்துல தெரிஞ்சிடும்."

அப்புறம் கேள்வி மேல் கேள்வி.

"மோதிரம் இறுகுதாம்மா? செருப்பு சைஸ் மாறியிருக்கா?"

"மோதிரம் போட நான் என்ன மிராசுதார் வீட்டு அம்மாவா? செருப்பே போட்டதில்ல."

"பார்வை ஓரத்துல மறைக்குதா?"

"பத்தடி தள்ளி இருக்கிற மீனோட செவுள் செவப்பா வெளுப்பான்னு சொல்லுவேன்."

"ஏதாவது மாத்திரை, லேகியம், பொடி, ஊசி, களிம்பு?"

"மாத்திரையக் கையால தொட்டது கிடையாது."

"எங்கம்மா அதுலல்லாம் ரொம்ப கண்டிப்பு டாக்டரம்மா" என்று என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் தின்பதும் வெளியே வரும். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் நாலு வருஷம் தின்றிருக்கிறேன். அதுவும் போக, டாக்டர் கேட்டது அவளை. என்னை யார் கேட்டது?

மறுநாள் காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் ஐந்து குழாய் ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட் வர மூன்று நாலு நாள் ஆகும், வந்ததும் போன் பண்ணுவோம் என்றார்கள். ஊருக்குத் திரும்பினோம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் என் பங்கு. அடிபட்டதில் இருந்து மாமியார் வியாபாரத்துக்குப் போகவில்லை. தஞ்சாவூர் அலைந்த நாள் போக நான் மட்டும் போய் வந்தேன். என் கைப்பையில் செட்டுப் பொட்டலங்கள் இருந்தன. அது அவளுக்குத் தெரியும். மத்தியானம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கண் பையின் மேல் விழுந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு குடுடி" என்றாள்.

நான் வேண்டுமென்றே சத்தமாக, "எதைக் கேக்கிறீங்க அத்தே?" என்றேன்.

வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகம் கறுத்தது. "ஒண்ணுமில்ல. தண்ணி கேட்டேன்" என்றாள்.

மறுநாளும் கேட்டாள். மறுநாளும் அதே சத்தத்தில் நான் கேட்டேன். மூன்றாம் நாள் வாயால் கேட்காமல் பின்கழுத்தைத் தடவிக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் பையை ஆணியில், அவளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டினேன். பத்தொன்பது வருஷத்தில் நான் ஜெயித்த முதல் சண்டை அது. அன்றைக்கு எனக்குச் சோறு ருசித்தது, அதையும் மறைக்கவில்லை.

விழுந்ததில் இருந்து எட்டாம் நாள் காலையில் கஞ்சி குடித்ததும் வாந்தி எடுத்தாள். எழுந்து நின்றவள் அப்படியே சுவரோடு சரிந்தாள். திட்டவில்லை. "கனகா, தண்ணி குடும்மா" என்றாள். அவள் என்னை 'அம்மா' போட்டுக் கூப்பிட்டதும்தான் எனக்குப் பயம் பிடித்தது. அதே நேரம் டாக்டரிடம் இருந்து போன், உடனே கிளம்பி வரச்சொல்லி.

கார் பிடித்துத் தஞ்சாவூர் போனோம். உளுந்து எடுத்த வயல்கள் வழியெல்லாம் வெடித்துக் கிடந்தன. பின்சீட்டில் என் மடியில் அவள் தலை. கனமான தலை. "கட்டி வெடிச்சிருச்சு, கட்டிதான் வெடிச்சிருச்சு" என்று முன்சீட்டில் வீட்டுக்காரர் அழுதார். குப்பத்தில் செல்போனில் பார்த்துவிட்டு எவனோ சொல்லியிருக்கிறான், மூக்கு வழியாகக் கத்தி விட்டுக் கட்டியை அறுத்து எடுப்பார்கள் என்று. எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட அவர் தயாராகவே வந்தார்.

போனதும் அவளைப் படுக்கவைத்து ஒரு ஊசி போட்டு, கையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். பிரஷர் எண்பதுக்கு இறங்கியிருந்தது. டாக்டர் ஸ்ரீரஞ்சனி ரிப்போர்ட்டோடு வந்தார். முகத்தில் எரிச்சல்.

"மத்த ஹார்மோன் எல்லாம் நல்லா இருக்கு. கார்டிசால்னு ஒண்ணு, உடம்பு தெம்பா நிக்கிறதே அதாலதான், அது சுத்தமா இல்ல" என்றார். "இந்தக் கட்டி இருக்கிற சைஸுக்கு அதைச் செஞ்சிருக்க முடியாது. இன்னொண்ணு இடிக்குது. இந்த உருண்டை முகம், கழுத்துத் திமில், கையில கன்றின தடம், சர்க்கரை எல்லாம் கார்டிசால் ரொம்ப அதிகமானவங்களுக்கு வர்றது. முகம் ஒண்ணு சொல்லுது, ரத்தம் ஒண்ணு சொல்லுது. ரெண்டும் சேரணும்னா வெளியில இருந்து ஸ்டீராய்டு போயிருக்கணும். வெளியில இருந்து வருஷக்கணக்கா வந்தா உடம்பு தானா சுரக்கிறதை மறந்துடும். அதைத் திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் சுருண்டு விழுவாங்க. சில பேர் எந்திரிக்கிறதே இல்ல."

திடீரென்று நிறுத்தினால். நிறுத்தியவள் நான்.

"எங்கம்மா மாத்திரையே சாப்பிடாதவங்க" என்றார் வீட்டுக்காரர்.

டாக்டர் கட்டில் பக்கம் குனிந்து, "அம்மா, ரெண்டாவது தடவையா கேக்கிறேன். ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றார்.

"தொட்டதில்ல" என்றாள் தையல்நாயகி. உதடு காய்ந்து வெடித்திருந்தது. சாகப்போகிறவளுக்கும் அந்தப் பெருமை மட்டும் சாகவில்லை.

"அப்ப இது கட்டியோட வேலைதான்னு நினைச்சு மேல போகவேண்டியதுதான். ஊசியில தேறினதும் சர்ஜனைப் பாக்கச் சொல்றேன்."

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார் வீட்டுக்காரர்.

இவள் எப்போது போவாள் என்று அடுப்படியில் நான் எத்தனையோ தரம் முணுமுணுத்திருக்கிறேன். வாயால் சொல்வது வேறு. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நிற்பது வேறு. சொன்னால் புருஷன் அடிப்பார். குப்பம் மொத்தமும் 'மாமியாரைக் கொல்லப் பார்த்தவள்' என்னும். சொல்லாவிட்டால், வேண்டாத இடத்தில் கத்தி வைப்பார்கள், வைத்து அனுப்பினாலும் வீட்டில் இன்னொரு நாள் இப்படியே சுருண்டு போவாள். அப்படிப் போனால் அது என் கையால் போனதுதான். அவள் மேல் எனக்கு இருந்தது வெறுப்பு. கொலை இல்லை. எனக்கே அது அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். "இதைத்தான் தின்னாங்க டாக்டரம்மா. ஆறு வருஷமா. வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும்."

டாக்டர் பிரித்தார். ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு குட்டி மாத்திரை. அந்தக் குட்டியை நகத்தால் ஒதுக்கினார். "இதான் ஸ்டீராய்டா இருக்கும். எவன் குடுத்தான் இதை? ரெண்டு தடவை கேட்டேனே, படிச்ச பொண்ணு மாதிரி இருக்கீங்க, பக்கத்துல நின்னுட்டு வாயைத் திறக்கலையே!"

எனக்கும் கோபம் வந்தது. "எங்க பெஞ்சுல இருபது பேர் திங்கிறாங்க. தலையில கட்டி இருக்குன்னு இவங்களைக் கேட்டீங்க. மத்தவங்கள யாரு கேட்டா?" என்றேன்.

வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். "எட்டு நாளா இதைப் பையில வச்சிருந்தியா?"

"வச்சிருந்தேன்."

"அம்மா கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

கை ஓங்கினார். நர்ஸ் குறுக்கே வந்தாள். கையை இறக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். போகிறபோது, "நீ எனக்குப் பொண்டாட்டியே இல்லடி" என்றார்.

சாயங்காலத்துக்குள் ஊசி வேலை செய்தது. தையல்நாயகி எழுந்து உட்கார்ந்தாள். இட்லி கேட்டாள். குரல் திரும்பிவிட்டது, அது போதாதா? டாக்டர் வந்து, கட்டியைத் தொட வேண்டாம், அது பாட்டுக்குக் கிடக்கட்டும், வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஸ்டீராய்டை மட்டும் கணக்காகக் கொடுத்து மாசக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டுமாம். ஒரு நாள் விட்டாலும் ஆபத்து.

அதைக் கேட்டதும் அவளுக்கு வெறி வந்துவிட்டது. "கேட்டேன் டாக்டரம்மா! மூணு நாள் கேட்டேன்! கையில வச்சிக்கிட்டே, 'எதைக் கேக்கிறீங்க அத்தே'ன்னு கொழுப்பெடுத்துக் கேக்கிறா! என்னைக் கொல்லப் பாத்தா இந்த முண்டை!"

"அப்ப சாப்பிட்டது நிஜம்தானே?" என்றார் டாக்டர்.

வகையாக மாட்டிக்கொண்டாள். நான் பார்த்துப் பார்த்து ரசித்தேன். அடுத்த நிமிஷம் கையை என் பக்கம் நீட்டினாள்.

"நான் மட்டுமா தின்னேன்? இவ நாலு வருஷமா திங்கிறா! மூஞ்சியப் பாருங்க, பூசணிக்கா மாதிரி. பொங்கலுக்குத் தச்ச ரவிக்கை கையில ஏறல. நேத்திக்குக் கிணத்தடியில குந்துனவ எந்திரிக்க முடியாம கயித்தப் புடிச்சு எந்திரிச்சா, நான் படுத்துக்கிட்டே பாத்தேன். என்னை மட்டும் குத்திக் குத்தி எடுத்தீங்கல்ல? எடுங்க இவ ரத்தத்தையும்! இவளும் எங்கியாச்சும் ரோட்டுல விழுந்து சாகட்டும்னு விட்டுடலாம்னு பாக்கிறீங்களா?"

டாக்டர் அப்போதுதான் என் முகத்தை முழுசாகப் பார்த்தார். கண்ணாடிக்கு உள்ளேயே பார்த்தார். என் கையைத் திருப்பிக் கன்றிய இடத்தை அமுக்கினார். "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"நேத்து."

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ரத்தம் குடுங்க. குடுத்த உடனே நான் ஒரு மாத்திரை தருவேன். என்னைக் கேக்காம எதையும் நிறுத்தக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. இந்தப் பயத்தில் நானும் செட்டை அன்றைக்கே நிறுத்தியிருப்பேன், எட்டு நாளாக அவளுக்கு நான் செய்ததை எனக்கே செய்துகொண்டு நாலு பேர் முன்னால் சுருண்டிருப்பேன். அதை யார் தடுத்தது என்று பார்த்தால், அவள்தான். என் மேல் இருந்த வன்மத்தில்தான் சொன்னாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ரவிக்கை ஏறாததை என் புருஷன் கவனித்ததில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு லேப்காரர் தட்டோடு அந்த வார்டுக்கே வந்தார். அவள் கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் ராத்திரியே ஊருக்குப் போய்விட்டார். லேப்காரர் பேப்பரில் என் பேர், வயது எழுதினார்.

"கூட யாரும்மா இருக்காங்க?"

"யாரும் இல்ல" என்றேன்.

"ஏன் இல்ல?" என்று கட்டிலில் இருந்து சத்தம் வந்தது. டிரிப்ஸ் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல, கண்ணு தெரியலையா? எழுது தம்பி. தையல்நாயகி. மாமியா."

அவர் எழுதினார். நான் கையை நீட்டினேன்.